மூன்று சட்டைப் பைகளுக்கு ஒரு கேமரா

அன்றைக்குக் கண்ணாடி மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் விஸ்வநாதன் சார், கல்லூரியில் கணக்குப் பாடம் எடுப்பவர். இன்னொருவர் ரங்கசாமி அண்ணன், சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் ஸ்பின்னிங் மாஸ்டர். மேசைக்கு இந்தப் பக்கம் நான். கல்லாவில் முதலாளி. வராதவர் ஒருவர், தொண்டாமுத்தூர் நாச்சிமுத்து அண்ணன். அவருடைய பங்குப் பணம் மட்டும் விஸ்வநாதன் சாரின் கைப்பையில் வந்திருந்தது. முந்தின நாள் யானை தோப்புக்குள் இறங்கி இளங்கன்றுகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டதால், அவர் வேலி கட்ட ஆள் தேடிக்கொண்டிருந்தார்.

கேமராக் கடையில் விற்பனைக்கு நிற்கப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்காக இதை எழுதுகிறேன். இப்படி அனுபவம் சொல்கிறவர்கள் வழக்கமாக ஓய்வு பெற்றவர்களாக இருப்பார்கள். எனக்கு இன்னும் முப்பதே ஆகவில்லை. ஆறு வருசம் கோயமுத்தூரில் ஒரே கடையில் நின்றுவிட்டு, இந்த மாதத்தோடு இறங்கி, எங்கள் ஊருக்குப் பக்கத்தில் கோபியில் சொந்தமாக ஸ்டுடியோ வைக்கப் போகிறேன். போகிற ஆள் என்ற ஒரே தகுதியில்தான் பேசுகிறேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பாவுக்குப் பேருந்தின் பலகையைப் படிக்கவே இன்னொருவர் வேண்டும். அதனாலோ என்னவோ, அச்சில் ஏறிய எதன் மேலும் எனக்கு மரியாதை அதிகம். கேமராப் பெட்டிக்குள் வரும் இங்கிலீஷ் புத்தகத்தை அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கடைசிப் பக்கம் வரைக்கும் படிப்பேன். கடையில் வேறு யாரும் அதைப் படிக்காததால், தொண்ணூற்றொன்பதில் முதல் டிஜிட்டல் கேமராக்கள் வந்து இறங்கியபோது அந்த அலமாரிச் சாவி என்னிடம் வந்தது. புத்தகத்தில் இருப்பது எல்லாம் எனக்குத் தெரியும். புத்தகத்தில் இல்லாத ஒன்றும் இருக்கும் என்பது தெரியாது.

இந்த மூன்று பேரும் படம் எடுக்கிற பைத்தியத்தால் நண்பர்களானவர்கள். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் குளத்துக் கரைகளில் கழுத்தில் கேமராவோடு நிற்பார்கள். பறவை, பனிமூட்டம், வண்ணான் துறை, எதுவும் விடமாட்டார்கள். சார் வைத்திருந்த பெரிய கேமராவுக்குத் தனிப் பையே ஒரு பிள்ளை கனம் இருக்கும். அவர்தான் அன்றைக்கு ஆரம்பித்தார்.

"பெரிய கேமராவை ஞாயித்துக்கெழமைதான் தூக்க முடியுது தம்பி. நல்ல படமெல்லாம் திங்கக்கெழமைதான் எதுத்தாப்புல வருது. தெனமும் கூடவே இருக்கற மாதிரி சின்னதா ஒண்ணு வேணும்."

டிஜிட்டலாக வேண்டும் என்று கேட்டது வராத நாச்சிமுத்து அண்ணன் என்று சொன்னார்கள். அவரிடம் இருந்தது ஒரு பழைய ஃபிலிம் கேமரா. ஒரு ரோலை மூன்று மாதம் வைத்து எடுப்பார். கழுவிப் பிரிண்ட் போடும் செலவு அப்படி. ரோல் போடாத கேமரா என்று ஒன்று வந்திருக்கிறது, எடுத்ததை அப்போதே பார்க்கலாம், வேண்டாததை அழிக்கலாம் என்று சார் சொன்ன நாளிலிருந்து அவருக்குத் தூக்கம் போய்விட்டதாம். தன் கிணற்று மேட்டில் நின்று தினம் ஒரு படம் எடுக்க வேண்டும் என்பது அவர் ஆசை.

விலை நாற்பத்தீராயிரம். ஒருவரால் முடியாது. ஆளுக்குப் பதினாலாயிரம் போட்டு, மாதத்தை மூன்றாகப் பிரித்து, பத்துப் பத்து நாள் முறை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்து வந்திருந்தார்கள். போர்வெல் மோட்டாரையும் கரும்பாலையையும் கூட்டாகப் போட்டு நடத்துகிற ஊரில் கேமராவையும் அப்படி வாங்குவதில் யாருக்கும் விநோதம் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

நான் இரண்டை எடுத்து வைத்தேன். ஒன்று மெல்லிசாக, வெள்ளி நிறத்தில், பட்டனை அமுக்கினால் லென்ஸ் ஆமைத் தலைபோல வெளியே வந்து, அணைத்தால் உள்ளே போய்விடும். மூன்று மடங்கு சூம். இன்னொன்று தடியாக, கறுப்பாக, லென்ஸ் அசையாமல் உள்ளுக்குள்ளேயே இருக்கும். முன்னால் இழுத்து மூடுகிற கதவு. சூம் கிடையாது. விலையும் சற்றுக் குறைவு.

ரங்கசாமி அண்ணன் கறுப்பைக் கையில்கூட எடுக்கவில்லை. "ஏந்தம்பி, இது சோப்பு டப்பாவாட்ட இருக்குது. இதெ வெச்சுட்டு ஊருக்குள்ள போனா, குளிக்கப் போறயான்னு கேப்பாங்க."

சார் அட்டையில் இருந்த எண்களை ஒப்பிட்டார். நான் எண்களை மனப்பாடமாகச் சொன்னேன். பிக்சல், சூம், எத்தனை படம் பிடிக்கும், பிளாஷ் எத்தனை அடி போகும். எல்லாக் கணக்கிலும் வெள்ளிதான் ஜெயித்தது. கடைசிச் சோதனையாக சார் அதைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, செருப்பு வாரைச் சரிசெய்கிற மாதிரி குனிந்து நிமிர்ந்தார். விழவில்லை.

"பாத்தீங்களா மாஸ்டர், ஒக்காந்துக்குச்சு" என்றார்.

அதோடு முடிந்தது. டீ வந்தது. டீ குடிக்கும்போதுதான் ரங்கசாமி அண்ணன் ஒரு பேச்சை எடுத்தார்.

"இப்பவே ஒண்ணு பேசிக்கலாங்க சார். யார் முறையில இது கெட்டுப்போகுதோ, அவிய மத்த ரெண்டு பேர்த்துப் பணத்தெயும் குடுத்துப்போட்டு அதெத் தன்னோட வெச்சுக்கோணும். இல்லீன்னா நாளைக்குச் சங்கடம்."

சார் யோசித்து, நியாயம்தான் என்றார். நாச்சிமுத்துவிடம் கேட்க வேண்டாமா என்று அவரே கேட்டார். நாம் சொன்னால் அவன் மாட்டேன் என்று சொல்ல மாட்டான் என்று ரங்கசாமி அண்ணன் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "தம்பியும் கேட்டுக்கிட்டாப்புல. செரி." நானும் தலையை ஆட்டினேன். தலையாட்டுவது விற்பனையில் ஒரு பாகம் என்றுதான் அப்போது நினைத்திருந்தேன்.

சில மாதம் எல்லாம் நன்றாக இருந்தது. முறை மாறும் நாளில் யாராவது ஒருவர் கடைக்கு வந்து டிவியில் வயரைப் போட்டுப் படங்களைக் காட்டுவார். மில்லில் நூல் சுற்றிய கதிர்களைக் கழற்றும் பெண்கள் ஷிப்ட் முடிந்து சிரித்துக்கொண்டு வரும் படம் ஒன்று ரங்கசாமி அண்ணன் எடுத்தது. இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமைக் கேமராவில் அந்தப் படம் வந்திருக்காது. அதற்குள் அவர் பையைத் திறந்து லென்ஸ் மாட்டிக்கொண்டிருப்பார்.

ஐப்பசியில் ஒரு நாள் காலை, ஷட்டரைத் தூக்கும்போதே நாச்சிமுத்து அண்ணன் படியில் நின்றுகொண்டிருந்தார். நெற்றியில் பட்டை, தோளில் துண்டு. துண்டின் ஒரு முனைக்குள் கேமரா. எடுத்து மேசைமேல் வைத்தார். லென்ஸ் பாதி வெளியே வந்து, பாதி உள்ளே நின்றிருந்தது. முன்னுக்கும் போகவில்லை, பின்னுக்கும் வரவில்லை. பட்டனை அமுக்கினால் ஒரு கறகறப்பு. அப்புறம் தானாக அணைந்துபோகும்.

"கீழ போடுலீங்க கண்ணு. சத்தியமாப் போடுலீங்க. நேத்துச் சாயங்காலம் மலையெ எடுக்கலாம்னு அமுக்குனேன், இப்புடி நின்னுபோச்சு."

அவர் முறை தொடங்கி மூன்றாவது நாள். பேசிய பேச்சுப்படி மற்ற இருவருக்கும் இருபத்தெட்டாயிரம் அவர் கொடுக்க வேண்டும். அந்தப் பேச்சு நடந்தபோது அவர் அங்கே இல்லை, ஆனால் தெரிந்ததும் சரி என்று சொல்லியிருந்தார். சினை மாடு ஒன்று இருப்பதாகவும், அதைச் சந்தைக்குக் கொண்டுபோனாலும் பாதிகூடத் தேறாது என்றும், மீதிக்கு மச்சானிடம்தான் கேட்க வேண்டும் என்றும் என்னிடம் சொல்லிக்கொண்டே வந்தவர், சட்டென்று குரலைத் தாழ்த்தினார்.

"அவிய ரெண்டு பேர்த்துக்கும் தெரியறதுக்கு முன்னால செஞ்சு குடுத்தர முடியுங்களா?"

தம்பிகளே, நம் தொழிலில் பிரச்சினை பொருளில் வருவதைவிட இப்படிப்பட்ட வாக்கியத்தில்தான் அதிகம் வரும். முடியும் என்று சொல்லத்தான் எனக்கு வாய் வந்தது. அவரைப் பார்த்தால் யாருக்கும் வரும். ஆனால் ஒன்று யோசித்தேன். நான் இரகசியமாகச் சரிசெய்து கொடுத்து, நாளைக்கு அது எப்படியோ மற்றவர்கள் காதுக்குப் போனால், இவர் கீழே போட்டது உண்மை என்று அன்றைக்கே முடிவாகிவிடும். அப்புறம் எந்தச் சத்தியமும் நிற்காது. சரிசெய்ய முடியாமல் போனால் இன்னும் மோசம். இதை அவரிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் துண்டின் நுனியை முறுக்கிக்கொண்டிருந்தார். பிறகு, "அப்பச் செரி, போனைப் போடுங்க" என்றார்.

கல்லூரிக்கும் மில்லுக்கும் கடைப் போனிலிருந்து பேசினோம். இரண்டு பேருமே சாயங்காலம்தான் வர முடியும். நாச்சிமுத்து அண்ணன் ஊருக்குப் போய் வரவில்லை. கடை பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டேன், பசியில்லை என்றார்.

இதற்கிடையில் முதலாளி சென்னைக்குப் பேசினார். கம்பெனி ஆட்கள் சொன்னது: லென்ஸை முழுதாக மாற்ற வேண்டியிருக்கும், விலையில் பாதிக்கு மேல் ஆகும், விழுந்திருந்தாலோ உள்ளே மண், தூசு போயிருந்தாலோ வாரண்டி கிடையாது. முதலாளி போனை வைத்துவிட்டு என்னைப் பின்னறைக்குக் கூப்பிட்டார். "நீ கை வெக்காதே. கை வெச்சா அது நம்ம பொருள் ஆயிரும். சென்னைக்குப் பார்சல் போட்டுரு. விழுந்துதா இல்லியான்னு அவங்க சொல்லட்டும்." அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. கடை நடத்துகிறவர் அப்படித்தான் சொல்லவேண்டும்.

சாயங்காலம் மூன்று பேரும் மேசைக்கு முன்னால் இருந்தார்கள். மூன்று பேரையும் சேர்த்து நான் கடையில் பார்த்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. விஸ்வநாதன் சார் கேமராவை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தார். நாச்சிமுத்து அண்ணன் மீது கோபமில்லை அவருக்கு. ஆனால் கணக்கு வாத்தியார், விடை தெரியாமல் அடுத்த வரிக்குப் போக அவரால் முடியாது.

"தம்பி, ஒரே கேள்வி. இது விழுந்திருக்குதா, இல்லையா? ஆமான்னாலும் செரி, இல்லைன்னாலும் செரி. ஒரு வார்த்தை சொல்லு."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். முதலாளியும் பார்த்தார். உடம்பில் நசுங்கல் இல்லை, கீறல் இல்லை. அதை வைத்து 'இல்லை' என்று சொல்லலாம், நாச்சிமுத்து அண்ணனுக்கு நல்லது. துண்டு விரித்த கட்டில்மேல் விழுந்தால் கீறல் வராது, அதை வைத்து 'ஆமாம்' என்றும் சொல்லலாம், கடைக்கு நல்லது. எது சொன்னாலும் நம்புவார்கள். ஏனென்றால் புத்தகம் படித்தவன் நான்.

"தெரியலீங்க சார்" என்றேன்.

ரங்கசாமி அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. "இத்தனை வருசமா இங்கயே நிக்கற. அதெப் படிச்சேன் இதெப் படிச்சேங்கற. இப்பத் தெரியலைங்கற. அப்ப நாங்க யாரெ நம்பி வாங்குனோம்?"

காது சுட்டது. இருந்தாலும் 'தெரியலீங்க' என்ற அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகுதான் எனக்குக் கையும் மூளையும் வேலை செய்தன. தீர்ப்புச் சொல்கிற இடத்திலிருந்து இறங்கிவிட்டால் பார்க்கிற இடம் காலியாகக் கிடைக்கிறது. நான் கேட்டேன்: கழற்ற மாட்டேன், திருகு ஒன்றையும் தொடமாட்டேன், வெளியிலிருந்து காற்று மட்டும் ஊதிப் பார்க்கிறேன், மூன்று பேரும் சம்மதித்தால்தான் செய்வேன். மூன்று பேரும் சரி என்றார்கள். முதலாளி போய் மின்விசிறியை நிறுத்தினார். அதுவே சம்மதம்.

ஃபிலிம் மாற்றுவதற்கு வைத்திருந்த கறுப்புத் துணியை மேசைமேல் விரித்தேன். கேமராவைக் கவிழ்த்துப் பிடித்து, லென்ஸின் வளையத்துக்கும் உடம்புக்கும் நடுவில் இருந்த மயிரிழை இடுக்கில் ரப்பர் ஊதியால் ஊதினேன். இரண்டு முறை ஒன்றுமில்லை. மூன்றாவது முறை துணிமேல் ஏதோ உதிர்ந்தது. வர்ணம் பூசுகிற மெல்லிய பிரஷால் சுற்றிலும் தட்டினேன். இன்னும் உதிர்ந்தது. கறுப்புத் துணியில் வெள்ளையாக ஒரு பொடி, நடுநடுவே நூல் நூலாகப் பிசிறு.

முதலில் பேசியது நாச்சிமுத்து அண்ணன். பொடியைப் பார்த்ததும் அவர் முகம் விழுந்துவிட்டது. தன் சட்டைப் பைக்குள் கைவிட்டு, காகிதத்தில் மடித்த பேரூர்க் கோயில் திருநீற்றை எடுத்துத் துணிக்குப் பக்கத்தில் வைத்தார்.

"என்ற சோப்புலதானுங்க இருந்துச்சு, கேமராவும் இதும். திங்கக்கெழமை தவறாமப் போவேன், வாங்கி மடிச்சு இதுலதான் போடுவேன். கீழ போடுலைன்னேன், அது நெசம். ஆனா நாந்தேன் கெடுத்துப்போட்டேன். பணத்தெக் குடுத்தர்றனுங்க சார். சித்த டைம் மட்டும் குடுங்க."

எங்கள் பக்கத்தில் சட்டைப் பையைச் சோப்பு என்றுதான் சொல்வோம். திருநீறு மடித்த காகிதம் இல்லாத சோப்பைக் கோயிலுக்குப் போகிற ஆளிடம் நீங்கள் பார்க்க முடியாது. என் அப்பா சட்டையிலும் இருக்கும். இங்கிலீஷ் புத்தகத்தில் மணல் என்று போட்டிருந்தது, உப்புக் காற்று என்று போட்டிருந்தது, பனி என்றுகூடப் போட்டிருந்தது. திருநீறு போட்டிருக்கவில்லை.

ரங்கசாமி அண்ணன் குனிந்து, துணியிலிருந்த பிசிறு ஒன்றை நகத்தால் எடுத்தார். மில்லில் பஞ்சு பார்க்கிறவர்கள் செய்வதுபோல இரண்டு பெருவிரலுக்கும் நடுவில் வைத்து மெதுவாக இழுத்தார். இழுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்துவிட்டார்.

"இது எங்க மில்லு பஞ்சுங்க. காலையில போட்டுட்டுப் போற சட்டை சாயங்காலம் வர்றப்ப ஆட்டுக்குட்டியாட்ட இருக்கும். அதே சோப்புலதான நானும் இதெ வெச்சிருந்தேன்."

"பஞ்சு உங்களுது, செரிங்க மாஸ்டர். சிக்க வெச்சது திருநீறுதானுங்களே" என்றார் நாச்சிமுத்து அண்ணன். தன் குற்றத்தை அவர் யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

அப்போதுதான் விஸ்வநாதன் சார் தன் பைக்குள் இரண்டு விரலை விட்டார். வெளியே வந்தது பாதிச் சாக்கட்டி. அதோடு விரல் நுனியில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டு வந்த தூள். அதை அவர் துணியில் தட்டினார். கேமராவிலிருந்து விழுந்ததற்குப் பக்கத்தில் இது ஒரு சிறு குவியல். திருநீற்றுக் காகிதத்தைப் பிரித்து அதிலும் ஒரு சிட்டிகை எடுத்து இன்னொரு பக்கம் வைத்தார். மூன்று வெள்ளை. பேரூர்க் கோயிலில் வாங்கிய நல்ல திருநீறு அது, நன்றாகச் சலித்தது. குழல் விளக்குக்குக் கீழே சாக்கட்டித் தூளும் அதுவும் ஒன்றுபோலத்தான் இருந்தன.

"மோந்து பாத்தா தெரிஞ்சிருமுங்க சார், திருநீறுன்னா வாசம் வருமல்லோ" என்றார் ரங்கசாமி அண்ணன்.

"மோந்து பாத்தா, லென்சுக்குள்ள போனது உங்க மூக்குக்குள்ள போயிரும். அப்பறம் உங்களெயும் சென்னைக்குப் பார்சல் போடோணும்." சார் சிரிக்காமல்தான் சொன்னார். தொடர்ந்து பேசியதும் அவர்தான். "வாசம் வேண்டாம் மாஸ்டர். என்ற முறையிலயே இது கறகறன்னுதான் இருந்துச்சு. ரெண்டு வாரத்துக்கு முன்னாலயே. பேட்டரி கொறஞ்சிருக்கும்னு நானும் விட்டுப்போட்டேன். உங்களுக்கு எப்புடி?"

ரங்கசாமி அண்ணன், தன் முறையிலும் சத்தம் இருந்தது, மில் சத்தத்தில் பெரிதாகத் தெரியவில்லை என்றார்.

"அப்ப விடை வந்துருச்சு" என்றார் சார். "நாச்சிமுத்து, அந்தக் காயிதத்தெ மடிச்சு வெய்யி. நீ ஒரு பைசா குடுக்க வேண்டியதில்ல. அது உன்ற முறையில நின்னுச்சு. கெட்டது எங்க முறையிலிருந்தே ஆரம்பிச்சிருச்சு."

நாச்சிமுத்து அண்ணன் காகிதத்தை மடிக்க முயன்றார். பாதித் திருநீறு மேசைமேல் கொட்டியது. நான் பதறிப்போய்க் கேமராவைத் தூக்கிக்கொண்டேன். எல்லோரும் சிரித்தது அப்போதுதான். அவரும் சிரித்தார். காலையிலிருந்து அவர் தோளில் உட்கார்ந்திருந்த எதுவோ இறங்கிப் போனதைக் கண்ணால் பார்க்க முடிந்தது.

கேமரா மட்டும் இன்னும் பாதியில்தான் நின்றிருந்தது. பழி தீர்ந்துவிட்டது, பழுது தீரவில்லை. அலமாரியிலிருந்து புதிய பேட்டரி நான்கு எடுத்துப் போட்டேன். மறுபடி ஊதி, பிரஷால் சுற்றிச் சுற்றித் தட்டி, லென்ஸ் தரையைப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு பட்டனை அமுக்கினேன். கறகறத்து அணைந்தது. மறுபடி. அணைந்தது. முதலாளி கல்லாவைவிட்டு எழுந்து வந்து என் பின்னால் நின்றார். நாலாவதோ ஐந்தாவதோ தடவை ஒரு பெரிய பிசிறு இடுக்கில் தலையை நீட்டியது. ரங்கசாமி அண்ணன் நகத்தால் பிடித்து, நூல் அறாமல், தொழில்காரர் மாதிரியே நிதானமாக இழுத்தார். நான் அமுக்கினேன். லென்ஸ் ஒரு தயக்கத்தோடு வெளியே வந்தது. அணைத்தேன், உள்ளே போனது. மறுபடி அமுக்கினேன், சத்தமே இல்லாமல் வந்தது. அவசரத்தில் படம் எடுக்கும் பட்டனும் அமுங்கிவிட, திரையில் முதலாளியின் மூக்கு வந்து நின்றது.

"நல்லா வந்திருக்குது, அழிச்சுப்போடாதீங்க" என்றார் நாச்சிமுத்து அண்ணன்.

கார்டில் அதற்கு முன்னால் இருந்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தோம். அவருடைய முறைகளில் எடுத்த படங்களை அவர் அழிக்கவே இல்லை. மலை, மலை, மலை. ஒரே கிணற்று மேடு, அதே வெள்ளியங்கிரி.

"எல்லாத்துலயும் ஒரே மலையெத்தான எடுத்து வெச்சிருக்கற?" என்று ரங்கசாமி அண்ணன் சீண்டினார்.

"ஒரே மலை இல்லீங்க மாஸ்டர். நாளுக்கு ஒண்ணுங்க."

தள்ளித் தள்ளிப் பார்த்தால் அது உண்மைதான். மேகம் இடுப்பில் கட்டிய மலை, மழைக்குப் பின்னால் நீலமாகிப் பக்கத்தில் வந்துவிட்ட மலை, வெறும் வெள்ளைத்தாளாக மலையே இல்லாத ஒரு நாள். சார் திரும்ப முதலிலிருந்து பார்க்கிறேன் என்று கேமராவை வாங்கிக்கொண்டார்.

தம்பிகளே, இதற்குப் பிறகு நான் சின்னக் கேமரா விற்கும் விதம் மாறிவிட்டது. பிக்சலையும் சூமையும் இப்போதும் சொல்கிறேன், கேட்கிறவர்களுக்கு அது உரிமை. அதற்கு முன்னால் எங்கே வைத்துக்கொள்வீர்கள் என்று கேட்கிறேன். தினமும் கூட வரும் கேமரா உங்கள் தினத்தில்தான் வாழும். மாவு மில்காரருக்கு மாவில், ஆசிரியருக்குச் சாக்கட்டித் தூளில், கோயிலுக்குப் போகிறவருக்குத் திருநீற்றில். லென்ஸ் வெளியே வந்து போகிற ஒவ்வொரு தடவையும் அதில் ஒரு துளியை உள்ளே இழுத்துக்கொண்டு போகும். சட்டைப் பைதான் என்றால் கதவு போட்ட சோப்பு டப்பாவைத்தான் கையில் கொடுக்கிறேன். வேண்டாம் என்று முகம் சுளித்தாலும் இரண்டாம் முறை கொடுக்கிறேன். கிராமத்து ஆளென்றால் அவர் ஊர்ப் பெட்டிக்கடையில் விற்கும் பேட்டரி அதில் ஓடுமா என்று போட்டுக் காட்டுகிறேன். வெயிலில் திரை தெரிகிறதா என்று வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். இதெல்லாம் அட்டையில் எழுதியிருக்காது. கேட்டால்தான் வரும்.

இன்னொன்றும் கேட்கிறேன். இதை எடுத்துப் போகப்போகிறவர்களில் யாராவது இன்றைக்கு வராமல் இருக்கிறார்களா? இருந்தால் அவர் வரும் வரைக்கும் பில் போட மாட்டேன். முதலாளி இரண்டொரு முறை முறைத்தார், அப்புறம் விட்டுவிட்டார்.

அன்றைக்கு அவர்கள் வேறு கேமராவுக்கு மாறவில்லை. பழகிவிட்டது, இதுவே இருக்கட்டும் என்றார்கள். பழைய பேச்சை ரத்து செய்துவிட்டு, எது கெட்டாலும் மூன்று பேருக்கும் சமம் என்று புதிதாகப் பேசினார்கள். "இந்தத் தடவை பேசறப்ப நானும் இருக்கறனுங்க" என்று நாச்சிமுத்து அண்ணன் அதையும் சொல்லிக்கொண்டார். சந்துமுனையில் கிரைண்டருக்கும் மிக்ஸிக்கும் உறை தைக்கிற டெய்லரிடம் கேமராவை எடுத்துப் போய் அளவு கொடுத்தோம். வெளியே ரெக்சின், உள்ளே பிசிறு விடாத பனியன் துணி. துணியை இழுத்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது ரங்கசாமி அண்ணன். வேட்டி கட்டுகிறவருக்குப் பெல்ட் கிடையாது என்பதால் தோளில் மாட்ட வார். நின்றபடியே தைத்து வாங்கிக்கொண்டு, கடைக்கு வந்து ஐந்து பேரும் டீ குடித்தோம். நாச்சிமுத்து அண்ணன் இரண்டு வர்க்கியும் சேர்த்துத் தின்றார், அது முதலாளி கணக்கு.

ஊதியதற்குக் கூலி வாங்க மாட்டேன் என்று முதலாளி சொல்லிவிட்டார். மற்றதை விஸ்வநாதன் சார் வாயாலேயே கூட்டினார். பேட்டரி நான்கும் தொண்ணூறு, பை முப்பது, டீ பத்து. நூற்று முப்பதை மூன்றால் வகுத்து, ஆளுக்கு நாற்பத்து மூன்று என்றவர், ஒரு ரூபாய் உதைக்கிறது என்று நெற்றியைச் சுருக்கினார். பையில் கைவிட்டு அந்த ஒரு ரூபாயை நான் மேசைமேல் வைத்தேன். விற்றவன் நான்தானே. யாரும் மறுக்கவில்லை. இருபத்தெட்டாயிரத்துக்குப் பயந்து விடிந்த அந்த நாளில் அவர்களுக்குக் கடைசியாக ஆன செலவு நூற்று இருபத்தொன்பது ரூபாய்.